ஸ்பிரிங்கில் தவறில்லை

டிரம் பிரேக்கை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பிரிக்க வேண்டும். மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

அதைச் சொல்லத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். பழைய கார் சங்கத்து கெவ் உங்களிடம், "பாவம்ப்பா அந்தப் புள்ள, ஸ்பிரிங்க மாத்தி மாட்டிருச்சு. தெரியாம நடந்தது, விட்ருங்கப்பா" என்றாராம். அது உண்மையில்லை.

அம்மா விட்டுப்போன பழைய ஹோல்டன் கார் அது. அக்கா டெனிஸுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. அந்தக் காரில்தான் போவேன் என்றாள். எங்கள் ஊர் டூவூம்பாவிலிருந்து அங்கே போக மலை இறங்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் ஒட்டினேன். டிரம்களைக் கடைசல் பிடித்து வாங்கினேன். சிலிண்டர்களுக்குப் புது ரப்பர்.

அக்கா வெஜிமைட் தடவிய ரொட்டியைக் கடித்தபடி ஷெட் வாசலில் நின்றாள்.

"ஏ எலி, பிரேக் பிடிக்குமாடி? இல்ல, நான் காலைக் கீழ ஊனணுமா?"

"பிடிக்கும்."

"நான் போனப்புறம் யார்கிட்டடி பேசுவ? ஸ்பேனர்கிட்டயா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போனதும், பிரேக் ஆயிலோடு இன்ஜின் ஆயிலையும் கலந்து ஊற்றினேன்.

சிலிண்டர் ரப்பர் அதைக் குடித்து உப்பிவிடும். மிதித்த பிரேக் விடாது. சக்கரம் சூடாகித் தீய்ந்த வாடை வரும். கார் ஊர் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும், அக்கா நடந்தே திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அவள் கிளம்பியதும் இரண்டு பேருக்கு டீ போட்டேன்.

வண்டி இழுத்துப் பிடித்தால் அக்கா இறங்கிப் பார்க்கிறவள் இல்லை. ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பாள். மலைச்சரிவில் பிரேக் ஆயில் கொதித்து, பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டது; கார் நிற்கவில்லை. அப்படியும் ஆகலாம் என்று எனக்குத் தெரியும். ஊற்றும்போதே தெரியும். கையை நிறுத்தவில்லை.

நீங்களே பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அதனதன் துளையில்தான் இருக்கும். கெவ்விடமும் சொல்லிவிடுங்கள்.

இதைச் சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது. அக்காவுக்கு சூப் ஊட்ட வேண்டும். கால்கள் வராது. பேச்சு மட்டும் பயிற்சி கொடுத்தால் திரும்பலாம் என்கிறார் டாக்டர். அவசரமில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் அறைக்குள் போனாலே அவள் கண்ணில் நீர் வருகிறது. வீட்டிலேயே இருந்துவிட்ட சந்தோஷம், வேறென்ன?