ஷாமிளாவுக்குக் காய்ச்சல்

ஜெயரூபி: ...அப்ப நீங்கள் எந்தப் பதிலுக்கு நேர புள்ளடி போட்டனீங்கள், விஜயகலா ரீச்சர்?

விஜயகலா: எதுல?

ஜெயரூபி: இண்டைக்கு ஆராய்ச்சிக்கு வந்த கம்பஸ் பிள்ளை எங்கட ரீச்சர்மாருக்குத் தந்த கேள்வித்தாளில. ஒரு பிள்ளைய வீட்டில ஆரோ துன்புறுத்தினம் எண்டு சந்தேகம் வந்தா, அறிவிப்பீங்களோ எண்டு...

விஜயகலா: கட்டாயம் அறிவிப்பேன்னு போட்டேன். வேற என்னத்தப் போட? நீங்க?

ஜெயரூபி: "சொல்ல ஏலாது" எண்டதுக்கு.

விஜயகலா: பேரே எழுதாத தாளுக்கு யாழ்ப்பாணத்து டீச்சர் இப்படிப் பயந்தா...

ஜெயரூபி: பகிடி விடாதேங்கோ. போன மாசம் என்ர வகுப்பு ஷாமிளான்ர முதுகில இருந்த தழும்புகளை நான் உங்களுக்குக் காட்டேக்க, வாயத் தொறக்காதீங்க எண்டு சொன்னது ஆர்?

விஜயகலா: மெதுவா பேசுங்க. பஸ்ஸுக்கு நிக்கிறதெல்லாம் நம்ம தேயிலத் தோட்டத்து ஆளுங்க.

ஜெயரூபி: நிக்கட்டும்.

விஜயகலா: நீங்க ட்ரான்ஸ்பர் கெடச்சாப் போயிருவீங்க. நான் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ. பொலிசுக்குச் சொன்னா மொதல்ல பிள்ளையத்தான் ஏதாவது இல்லத்துக்குக் கொண்டு போவாங்க. குவைத்துல இருக்கிற தாய்க்கு யாரு பதில் சொல்றது?

ஜெயரூபி: ஆர் செய்தது எண்டு பிள்ளையிட்டக் கேட்டனான். "மாமா" எண்டது. அடி மட்டுமில்ல...

விஜயகலா: போதுங்க.

ஜெயரூபி: தாயின்ர தம்பி.

விஜயகலா: ...எனக்கும் தம்பிதாங்க.

ஜெயரூபி: தெரியும். ஷாமிளா உங்கட அக்கான்ர பிள்ளையெண்டும் தெரியும். அதாலதான் உங்களுக்குச் சொல்லாமப் போனனான்.

விஜயகலா: எங்க போனீங்க?

ஜெயரூபி: பிள்ளையளின்ர பாதுகாப்பைப் பாக்கிற நன்னடத்தை ஒபிசுக்கு. நாளைக்குக் காலமை வருகினம். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே, அது சுகமாகியிருந்தாப் பள்ளிக்கூடத்தில கதைப்பினம். இல்லையெண்டா வீட்டுக்குப் போவினம்.

விஜயகலா: நாளைக்கேவா?

ஜெயரூபி: ஓம். கோவமோ?

விஜயகலா: இல்லீங்க.

ஜெயரூபி: அப்ப ஏன் அழுறியள்?

விஜயகலா: பிள்ளைக்குக் காய்ச்சலெல்லாம் இல்லீங்க டீச்சர். அது வீட்டுல இல்ல. ஞாயித்துக்கெழம கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனேன்... ஒரு வீட்டுல பாத்திரம் கழுவ சின்னப் பிள்ளையா கேட்டாங்க. தம்பியக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல, பிள்ளைய அவன் கையில விட்டு வைக்கவும் மனசு வரல. அங்க விட்டுட்டு நான் கெளம்புறப்ப என் சீலையப் புடிச்சுக்கிட்டு, "சித்தி, இந்த வீட்டுலயும் ஒரு மாமா இருக்காரு"ன்னுச்சு... கைய எடுத்து விட்டுட்டு வந்துட்டேங்க.