புதன்கிழமைப் படம்

சர்வர் அறைக்குள் செருப்போடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தூசு ஆகாது என்பது ஒன்று. பதினோரு வருடமாக வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தவன் நான் என்பது இன்னொன்று. நீங்கள் பூட்ஸோடு வந்தீர்கள், ஐயா. பரவாயில்லை, போலீஸ்காரர்.

என் பெயர் யாகப்பன். காரைக்காலில் படகுக்காரர் சங்கத்துக்குக் கணினி பார்க்கும் கம்பெனியில் ஸ்டோரேஜ், அதாவது பதிவுகளைச் சேமித்து வைக்கும் பெட்டி, என் பொறுப்பு. எந்தப் படகு கடலுக்குப் போனது, எது கரைக்குத் திரும்பியது என்ற பதிவெல்லாம் என் பெட்டியில்தான் இருந்தது. காற்று எச்சரிக்கை வந்தால் சங்கம் அதைப் பார்த்துத்தான் தேட ஆள் அனுப்பும். பதினோரு வருடத்தில் ஒரு வரி அழிந்ததில்லை.

பிறகு நத்தாலி வந்தாள். பாரிசில் படித்தவள், பிரெஞ்சு பாஸ்போர்ட். ஒரே கணினிக்குள் பத்துக் கணினிகளை ஓட்டும் மென்பொருள் அவள் வித்தை. மேனேஜர் செந்தில்குமாரிடம் என் பெட்டியைக் காட்டி, "இதை மியூசியத்துக்குக் குடுத்துடலாம் சார்" என்றாள். அவர் சிரித்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்னைச் சொன்னது வலித்தது. அதை மறைக்கப்போவதில்லை.

பதிவு முழுவதையும் அவள் பக்கம் மாற்றினார்கள். என்னைக் கறிவேப்பிலையாக ஒதுக்கினார்கள். திங்கட்கிழமை என் பெட்டியைத் தூக்கப் பழைய இரும்புக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

அவள் மென்பொருளில் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று உண்டு. கணினி இருந்த நிலையை அப்படியே படம் பிடித்து வைப்பது. வேண்டும்போது அந்தப் படத்துக்கே திரும்பிப் போகலாம். நடுவில் நடந்தது எல்லாம் மறைந்துவிடும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அதைப் புதன்கிழமை மாலைக்குத் திருப்பினேன். என் பாஸ்வேர்டை ரத்து செய்ய அவளுக்கு நினைவில்லை. அதற்கு முன் அன்றைய பதிவை என் பெட்டியில் நகலெடுத்துக்கொண்டேன். பொறுப்பில்லாதவன் இல்லை நான்.

புதன்கிழமை மாலை எல்லாப் படகும் கரையில் இருந்தன. ஆகவே வியாழக்கிழமையும் எல்லாம் கரையில் என்றே திரை காட்டியது. காலைப் பதிவைக் காணோம் என்று சங்கத்தில் கூச்சல் போடுவார்கள், என்னிடம் ஓடி வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மதியம் காற்று எச்சரிக்கைதான் வந்தது. வானத்தைப் பார்த்தே படகுகள் திரும்பிவிட்டன. கரையேறிய படகுகளை என் நகலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கருக்களாச்சேரி மருதையனின் பைபர் படகு மட்டும் வரவில்லை. நாலு பேர். அப்போது மணி இரண்டு.

மூன்று மணிக்கு மருதையன் மனைவி அன்னபூரணி வந்தாள். நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றாள்.

"அண்ணே, எல்லாப் படகும் கரையேறிடுச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்காம். எங்க வூட்டுக்காரரு இன்னும் வரலண்ணே. செத்த பாத்து சொல்லுங்களேன்."

"இப்ப அதெல்லாம் நம்ம கையில இல்லம்மா. நத்தாலி மேடத்தைக் கேளுங்க."

நத்தாலி திரையைப் பார்த்தாள். "கரையிலதான் இருக்காங்க. பட்டினத்துப் பக்கம் வேற கரையில ஏத்தியிருப்பாங்க, கவலப்படாதீங்க" என்றாள். எவ்வளவு உறுதியாகச் சொன்னாள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடிந்த பிறகுதான் தேடப் போனார்கள். பூவம் கிராமத்துக்கு நேரே கடலில் படகு கவிழ்ந்து கிடந்தது. நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள்.

வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். திருப்பினது நான். தெரிந்தும் வாய் திறக்காதவனும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று: அந்த நாலு பேரின் பெயரும், புறப்பட்ட நேரமும், போன திசையும் என் பெட்டியில் ஒரு எழுத்துப் பிசகாமல் இன்றும் இருக்கின்றன. அன்னபூரணி தன் புருஷனைத்தான் கேட்டாள். பேக்கப் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.