கப்பல்ல வர்ற இ-புக்கு

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, நெட்டு படுத்துக்கிட்டா அது என் குத்தமா? நம்ம போர்ட் பிளேயர்ல ஒரு இ-புக்கை டவுன்லோடு போட்டுட்டுத் தூங்கினா, காலையில பாதியில நின்னு நம்மளையே முறைக்குது! அதான் சென்னையில இருக்கற என் மச்சான் முத்துவீரனை, பென் டிரைவ்ல ஏத்தி, இப்ப ஜெட்டிக்கு வந்து நிக்குதே, இந்தக் கப்பல்ல கொண்டாறச் சொன்னேன். ஆமா சார், இ-புக்குதான்... கப்பல்லதான் வருது. சிரிக்காதீங்க.

நான் காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கறேன். பசங்க இருக்காங்களே, அய்யய்யோ! எந்நேரமும் கையில போனு. அதுல பாடம் படிங்கடான்னா மட்டும், "நஹி சார், கண்ணு வலிக்குது"ங்கறானுங்க. படம் பாத்தா வலிக்காதாம்! ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், புக்கு கால்ல பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கலாம், இ-புக்கு கால்ல பட்டா என்ன பண்றது?"ன்னு கேக்குது. கிளாஸே கொல்லுன்னு சிரிக்குது. அதைத்தான் சார் இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்.

எங்க வாத்தியாருங்க மட்டும் என்னவாம்? மீட்டிங்ல "இ-புக்கு பஹுத் அச்சா"ம்பாங்க, வெளிய வந்ததும் பிரின்ட் எடுக்க ஓடுவாங்க. லைப்ரரி ஜெயராணி மேடம், "பரீட்சை வருது சார், அச்சுப் புக்கே ஆர்டர் போட்டுடலாம்"னாங்க. வேணாம்னு நிறுத்தினது... ம்ம், நான்தான். அதோட வாயை மூடியிருக்கலாம்ல? "என் கிளாஸுக்குள்ள இனிமே அச்சடிச்ச தாள் ஒண்ணு வந்தாலும் மீசையை எடுத்துடறேன்"னு மேஜையைத் தட்டிட்டேன். கல்யாணத்துக்கு முந்தி வச்ச மீசை சார்!

அந்த மேடம் அதோ வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கறாங்க பாருங்க, என் கிளாஸ் பசங்களையும் கூட்டிட்டு. பென் டிரைவை வரவேற்க வந்திருக்காங்களாம். நக்கலு!

ஆங், ஏணியை எறக்கிட்டான். அதோ நம்மாளு எறங்கறான்... தலையில என்ன அது, மூட்டை? ஏ முத்துவீரா! என்னது? சத்தமாச் சொல்லு!... பென் டிரைவு உப்புக்காத்துல கெட்டுப்போயிருமேன்னு மொத்தத்தையும் பிரின்ட் போட்டுட்டியா? கிளாஸுக்கே, ஆளுக்கொண்ணா?

அடப்பாவி! கத்தாதடா, கத்தாத, கேட்டு வரைக்கும் கேக்குது!

சார், ஒரே ஒரு உதவி சார். அந்த மூட்டை உங்க மூட்டைன்னு மட்டும் சொல்லிருங்க... சார்? எங்க கெளம்பிட்டீங்க? அந்தப் பக்கம் போகாதீங்க சார், அங்க மேடம்... என்னது? அவங்க உங்க வீட்டம்மாவா?