காசும் கம்மலும்

"அந்த மிஷினுக்கு எல்லாமே ரூபா காசுதான்க்கா."

திருப்பதியிலிருந்து பிச்சாட்டூர் செல்லும் பேருந்தில், உலோகங்காட்டும் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் இவ்வாறு உரைத்தார். வேர்க்கடலைக் கொல்லையில் தங்கக் கம்மலைத் தொலைத்த பெண்மணி அருகில் அமர்ந்திருந்தார்.

"வாடகை மிஷினு முழ ஆழம்னு காட்டிச்சே தம்பி! முழம் தாண்டியும் கெடைக்கலன்னு எங்க வூட்டுக்காரரு காத்தாலேருந்து தோண்டிக்கினே கீறாரு."

"காசு சைஸ்னு நெனச்சித்தான் அது ஆழம் சொல்லும். கம்மல் சின்னது, சிக்னல் கம்மியா வரும். அதனால ரொம்ப கீழ கீதுன்னு காட்டும்."

"அப்போ கம்மலு?"

"மேலாகத்தான் இருந்திருக்கும். மொத வெட்டுலயே மண்ணோட வெளிய வந்திருக்கும்."

பெண்மணி உடனே கைப்பேசியில் கணவரை அழைத்தார்.

"யோவ், கெணறு வெட்டுனது போதும்! மேல ஏறி, வெளிய கொட்டின மண்ண சலி."