ரெண்டு நோட்டும் சரிதான்

இல்லைங்க சார், எடை தூக்கினாப் பிள்ளைங்க குட்டையாயிடும்ங்கறதெல்லாம் சும்மா. யாரோ எப்பவோ கிளப்பிவிட்டது. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி வாங்க. உங்க பாப்பா வெளிய மேசைகிட்டயே இருக்கட்டும், ஃபாரத்துல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

வெறும் ஒடம்புப் பயிற்சி மட்டும் போதும்ங்கறீங்க. தண்டால், உக்காந்து எழறது, தாவறது. சரி. ஒரு பொண்ணு பெட்டி மேலருந்து குதிச்சு இறங்குதுன்னு வைங்க. அது எடை நாப்பது கிலோ. கால்ல விழற பாரம் நாப்பதுதானா? அதைப்போல ரெண்டு மூணு மடங்கு விழும். ஆனா அதை யாரும் பாரம்னு சொல்றதில்ல. கண்ணுக்கு இரும்பு தெரியலையே! நான் மொதல்ல கையில குடுக்கறது என்னன்னு நெனச்சீங்க? தரை தொடைக்கிற மாப்போட குச்சி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அதை வச்சு ஒழுங்காக் குனிஞ்சு நிமிந்தாத்தான் வெறுங்கம்பி. அது வந்தப்புறம்தான் கம்பியில மாட்டற எடைத் தட்டு, அதுவும் சின்னது.

ஆனா நீங்க வேண்டாம்னா வேண்டாம். முன்னெல்லாம் விடமாட்டேன், உங்களை எழுந்திரிக்கவே விட்டிருக்க மாட்டேன். இப்ப தெம்பில்ல. இருபத்திரண்டு வருஷமா இதே பேச்சு.

ஜன்னல் வழியாப் பாருங்க. விசில் ஊதிக்கிட்டு நிக்கறாரே, தொப்பி. அவரு உங்க கட்சி. இரும்பைக் கண்டாலே ஆகாது. பிள்ளைங்க என்னை இரும்பம்மான்னு கூப்பிடுதே, அது அவரு வச்ச பேரு. காலையில மைதானம் அவருக்கு, சாயங்காலம் இந்த ரூம் எனக்கு. ரெண்டு பேருக்கும் வாய் ஓயாது.

ஒரு வருஷம் சண்டை முத்திப்போய், சரி, சோதிச்சே பாத்துடலாம்னு முடிவு பண்ணோம். இருபது பிள்ளைங்க, சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பத்து அவருக்கு, வெறும் ஒடம்பு. பத்து எனக்கு, எடை. மூணு மாசம். ஒருத்தர் பிள்ளைய இன்னொருத்தர் தொடக்கூடாது. ஆளுக்கொரு நோட்டு, தினம் எழுதணும். கடைசியில ஓடவிட்டு நேரம் பாக்கறது.

அதுல ஒரு பொண்ணு. பதினாலு வயசு, நானூறு மீட்டர் ஓடுவா. வெட்டுக்கிளின்னு கூப்பிடுவோம், அப்படி ஒரு காலு. சீட்டுல அவரு பக்கம் போயிட்டா. எனக்கு மனசு ஆறவே இல்ல சார். இவ்வளவு நல்ல ஒடம்பு, வெறும் தாவல்லயே வீணாப் போகுதேன்னு. அவளை மட்டும் தனியாக் கூப்பிட்டேன். சாயங்காலம் மத்த பிள்ளைங்க கிளம்பினதும் இதோ இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு, வாரம் மூணு நாள். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். சரின்னா.

தப்புதான். தெரிஞ்சேதான் பண்ணேன்.

ஆனா அளவாத்தான் குடுத்தேன். அதான் சார் கொடுமை. என் நோட்டை யார்கிட்ட வேணா காட்டலாம், ஒரு குத்தம் சொல்ல முடியாது. அவரு நோட்டும் அப்படித்தான். அந்தப் பொண்ணு கிடுகிடுன்னு முன்னேறினா. அவருக்குத் தலைகால் புரியல. பாத்தியா, இரும்பைத் தொடாமலே என்னமா ஓடறான்னு எங்கிட்டயே வந்து மார் தட்டினாரு. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். தாங்கறாளேன்னு அவரு தாவலைக் கூட்டினாரு. தாங்கறாளேன்னு நான் தட்டைக் கூட்டினேன். ரெண்டையும் சேத்துக் கூட்டிப் பாக்க ஆளில்ல.

பத்தாவது வாரம், ஷூ கயிறு கட்டக் குனிஞ்சவ நிமிரல. முதுகெலும்புல விரிசல்.

டாக்டர் என்ன பயிற்சின்னு கேட்டாரு. இவரு நோட்டை நீட்டினாரு. டாக்டர் பொரட்டிப் பாத்துட்டு, இதுக்கு இப்படி ஆகாதேன்னாரு. நான் பையிலருந்து என் நோட்டை எடுத்து அது பக்கத்துல வச்சேன். தொப்பி என்னைத் திட்டியிருந்தாத் தேவலை. பேனாவை எடுத்து ரெண்டு நோட்டையும் கூட்டிப் பாத்தாரு.

ஓட்டமா? இல்லைங்க. எலும்பு கூடிடுச்சு, ஓட்டம் கூடல. ரொம்ப நேரம் உக்காரணும்னா இன்னைக்கும் இடுப்புல பட்டை கட்டிக்கணும்.

வலிச்சப்பவே சொல்லியிருக்கலாமேம்மான்னு டாக்டர் கேட்டாரு. ஒரு மாசமா வலிச்சிருக்கு அவளுக்கு. அப்பாகிட்ட சொன்னா அம்மாவைத் திட்டுவாரு, அம்மாகிட்ட சொன்னா அப்பாவைத் திட்டுவாங்க, சாப்பிட உக்காந்தா வீட்ல மறுபடியும் ஆரம்பிச்சிடும், அதான் சொல்லலைன்னா.

ஆமா சார். எங்க பொண்ணுதான். அந்தத் தொப்பி என் வீட்டுக்காரரு.

வெளிய உங்களுக்கு ஃபாரம் எழுதினாளே, அவதான். வேற எங்கயாவது பயிற்சிக்குப் போகுதான்னு ஒரு கேள்வி இருந்துச்சில்ல? அது அவ சேத்தது. நீங்க இல்லைன்னீங்க. பொய்யின்னு சொல்லல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க பொண்ணு கையெழுத்துப் போடறப்போ அது கையை என் பொண்ணு பாத்திருக்கா. விரல் அடியெல்லாம் காப்புக் காய்ச்சிருக்கு. காலுல முன்னெலும்பு மேல தோல் உரிஞ்சிருக்கு. தரையிலருந்து கம்பியை இழுத்தா அந்த எடத்துலதான் உரசும். சும்மா ஓடற பொண்ணுக்கு அது வராது, யாரோ எடை தூக்கவிடறாங்க.

யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? அவங்கம்மாவா இருக்கலாம், ஸ்கூல்ல யாராவது இருக்கலாம். தப்பாச் சொல்லித் தராங்கன்னும் சொல்லல. எவ்வளவுன்னு தெரியணும், அவ்வளவுதான். நீங்க ஓடவைக்கறது, அவங்க தூக்கவைக்கறது, ரெண்டையும் கூட்டிப் பாத்துட்டு அப்புறம் எந்தப் பக்கம் சேக்கறதுன்னு பேசலாம். எடை வேண்டாம்னா நானே அவரு பக்கம் அனுப்பி வைக்கறேன்.

எங்க எழுந்திருக்கறீங்க? உக்காருங்க சார். நீங்க போய்க் கேட்டா அது வாயத் தொறக்காது. இன்னும் அஞ்சு நிமிஷம், தண்ணி குடிங்க. என் பொண்ணு அது பக்கத்துல உக்காந்து பேசிட்டிருக்கா. நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் அவங்கப்பாவை எப்படியாவது உள்ள பேச்சுல பிடிச்சு வைம்மான்னு அவதான் சொன்னா.