மாதா முகத்தில் ஈரத்துணி

— கதவத் தொறய்யா. கோயிலுக்குள்ள தாழ்ப்பா போட்டுக்கினு இன்னா பண்ற?

— கிறிஸ்மசு குடிலு வேல நடக்குது மேரி. நீ வூட்டுக்குப் போ.

— கூழு கொண்டாந்தேன். காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னாம...

— வாசப்படியில வெச்சிட்டுப் போ.

— நாயி நக்கிட்டுப் போவட்டுமா? தொறய்யா.

— ...வா. ஓரமா குந்து. அந்தப் பக்கம் போவாத, இன்னும் ஈரம் காயல. இன்னா இன்னிக்கு, முக்காடு இல்லாம தெருவுல வந்துட்ட?

— அவசரத்துல மறந்துட்டேன். இந்தா, கேப்பக் கூழு. மல்லாட்டத் தொவையலு வெச்சிருக்கேன்.

— வெரல்ல இன்னா, காஞ்ச மண்ணு?

— அடுப்பு மொழுவினேன். ஒன் கையில இன்னா அது?

— மம்பட்டிக் காம்பு.

— பொம்ம செய்யறதுக்குக் காம்பு எதுக்கு?

— ஒடைக்க.

— எத்த?

— எல்லாத்தையும். சாயங்காலம் குடில் மந்திரிக்க பங்குச் சாமி வந்துடுவாரு. அதுக்குள்ள ஒடச்சி, ஏரியிலயே கொட்டிட்டு வந்துடறேன். மழ சாரல்ல கரைஞ்சிட்டுதுன்னு சொல்லிக்கலாம்.

— மானம் வெளுத்துக் கெடக்குது. மழைக்கு எங்க போவ?

— அப்ப ஆடு முட்டிடுச்சுன்னு சொல்லு.

— தாழ்ப்பா போட்ட கோயில்ல எந்த ஆடுய்யா... ஒனக்கு இன்னா ஆச்சு? நீயா போயி கேட்டு வாங்கின வேலையா இது? வெள்ளக்கார சாமிதானே ஆள் வுட்டுக் கூப்ட்டு, "மாசிலாமணி, பழைய பொம்மைப் பெட்டிய கரையான் துன்னுட்டுது, இந்த வருசம் நீதான் செய்யணும்"னு சொன்னாரு.

— சொன்னாரு. மாட்டுப் பொங்கலுக்கு புள்ளைங்களுக்கு களிமண்ணு மாடு செஞ்சு குடுக்கறவன்கிட்ட சொன்னாரு. அது வேற, இது வேற. அங்க பாரு, ஒட்டகத்த.

— எது ஒட்டகம்?

— பாத்தியா. நீயே கேக்கற.

— அந்த... மாடா?

— மாடு இல்ல மேரி. ராசாங்க ஏறி வர்ற ஒட்டகம். நான் எங்க ஒட்டகத்தப் பாத்தேன்? விழுப்புரத்துல சர்க்கஸ் கொட்டா போட்டப்ப பக்கத்து வூட்டு பெரியதம்பி போனானேன்னு அவன்கிட்ட கேட்டேன். "திமிலு இருக்கும், கழுத்து நீட்டு"ன்னான். திமில எங்க வெக்கறதுன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. மாட்டுக்கு எங்க இருக்குதோ அங்கயே வெச்சிட்டேன்.

— அதான் ராசா சறுக்கிக்கினு கழுத்துக்கு வந்துட்டாரா?

— சிரி. நல்லா சிரி. திண்டிவனத்துலேர்ந்து வாத்தியாருங்க, கம்பவுண்டர் வூட்டம்மா எல்லாம் வருவாங்க. அவங்களும் சிரிக்கட்டும்.

— சிரிச்சா இன்னா. நம்ம ஊருக்கு வர்ற ராசா நம்ம ஊரு மாட்டு மேலதான் வருவாரு. ஒட்டகத்துக்கு இங்க எவன் தீனி போடறது?

— கிண்டல் பண்ணாத.

— நெசமாத்தான்யா சொல்றேன். இந்த ஆட்டுக்காரனப் பாரு. முட்டியக் கட்டிக்கினு குந்தியிருக்கறது நம்ம தெரு கண்ணையனேதான். கூப்ட்டா "இன்னாக்கா"ன்னு எழுந்து வந்துடுவான் போல. நல்லா செஞ்சிருக்க. அது ஒனக்கே தெரியும்.

— தெரியாது.

— தெரியும். தெரியலன்னா இத்தினி நாளு ராத்திரியெல்லாம் தூக்கத்துல வெரல ஆட்டிக்கினே படுத்திருப்பியா?

— ...சொன்னா நம்புவியா மேரி? இந்தக் கை பொறந்ததுலேர்ந்து அடுத்தவன் நெலத்துல மம்பட்டி புடிச்ச கை. இந்த மண்ண எடுத்து குடில் கொழந்தைக்கு காலு புடிச்சப்ப, மனசுக்கு அப்பிடி ஒரு... எனக்குச் சொல்லத் தெரியல. கஞ்சி நெனப்பே இல்ல.

— அப்ப ஏன் ஒடைக்கணும்ற? ஒட்டகத்துக்காகவா?

— ...ஆமா.

— அந்த ஈரத்துணிக்கு அடியில இருக்கறது மாதாதானே?

— தொடாத. துணிய எடுத்தா வெடிச்சிரும்.

— தொடல. நீ ஏன் குறுக்கால வந்து நிக்கற?

— கூழு எடுக்க.

— கூழு அந்தப் பக்கம் இருக்குது.

— மேரி... சரி, ஒட்டகம் கெடக்கட்டும். கண்ணையனும் இருக்கட்டும். மாதாவ மட்டும் கலைச்சிடறேன். சரியா வர்ல.

— மூக்கு கோணலா?

— இல்ல.

— கண்ணு?

— கண்ணு நல்லாத்தான் வந்துது.

— அப்பறம் இன்னாய்யா பேஜாரு?

— சாமி வூட்ல மாட்டியிருக்குதே படம், அது மாதிரி வழவழன்னு செய்யணும்னுதான் குந்தினேன். கை அது பாட்டுக்குப் போவுது. ஈர்க்குச்சி எடுத்துது... கன்னத்துல புள்ளி புள்ளியா குத்திட்டுது. முடிச்சி எட்ட நின்னு பாத்தப்பதான் தெரியுது.

— இன்னா தெரிஞ்சுது?

— வாணாம் மேரி.

— சொல்லு.

— ஒன் மொகம். அம்மத் தழும்போட.

— அதுக்குத்தான் ஒடைக்கணும்ற?

— கோவப்படாத. எனக்கு வெக்கம்னு மட்டும் நெனச்சிடாத. நான் தெனம் பாக்கற மொகம், அதுல எனக்கு இன்னா வெக்கம்? ஆனா எவனாச்சும் கோயில்ல நின்னு இத்தப் பாத்து சிரிச்சிட்டான்னு வெய்யி... என்னால தாங்க முடியாது. நீயே தூணுக்குப் பின்னால முக்காடு போட்டுக்கினு நிக்கறவ. பூசையில நன்மை அப்பம் வாங்கக்கூட எல்லாரும் போனப்பறம்தான் போவ.

— ஆமா. சின்னப் பொண்ணா இருக்கும்போதே அப்பிடித்தான். வூட்ல ஒரு கண்ணாடி வாங்கக்கூட ஒன்ன வுடல.

— அதான் சொல்றேன். ஒடைக்கல, போ. தழும்ப மட்டும் வழிச்சி வுட்டுடறேன். தண்ணி தொட்டு ஒரு தடவு தடவினா போச்சு.

— சரி. துணிய எடு.

— நீ பாக்காதியேன்...

— எடுய்யா. எங்க தடவணும்னு பாக்கணுமில்ல.

— ...இந்தா. பாத்துக்க.

— ம்.

— இரு... இரு மேரி. மூக்குப் பக்கத்துல, பெருசா ஒண்ணு. இத்த நான் வெக்கலியே. மனசு வராம வுட்டுட்டேனே. யாரு தொட்டது இத்த?

— காலையில நீ மண்ணு எடுக்க ஏரிக்குப் போனப்ப வந்தேன். துணிய எடுத்துட்டு ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னேன். என் மொகம் இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுய்யா. தெனம் கைக்குத் தட்டுப்படற அந்தப் பெரிய தழும்பு ஒண்ணுதான் கொறையா இருந்துது... நான்தான் வெரல வெச்சி அமுக்கினேன்.