பிள்ளையார் சுழி போட்ட ஓட்டு

தோல்வி வந்தபோதும் தலைமை நாற்காலியை விட்டு எழாத, எழவே தெரியாத, எங்கள் மாவட்டச் செயலாளர் அண்ணன் பொன்னுராஜ் அவர்களே! புத்தம்புது வெள்ளை மாருதியில் வந்திறங்கி இந்த மேடைக்கு அழகு சேர்க்கும் பக்கத்துத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் தவசிமுத்து அவர்களே! டில்லி மேல்சபைக்குப் போக வேட்பாளராகப் புறப்பட்டு, வேட்பாளராகவே திரும்பி வந்திருக்கும் இந்த மண்ணின் மைந்தர் சுப்புராஜ் அவர்களே! பகல் ஷிப்டு முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து நிற்கும் மில் தோழர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்தும், ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் லாரியில் தொற்றியும் வந்திருக்கும் உடன்பிறப்பனையவர்களே! மடியில் பிள்ளையும் கையில் பால்கோவாவுமாக முன்வரிசையை ஆளும் என் தாய்மார்களே! ராஜபாளையம் மில் தொழிலாளி சுயம்புலிங்கம் நான், உங்கள் அத்தனை பேர் காலடியிலும் என் வணக்கத்தை வைக்கிறேன்.

பால்கோவா இனிக்கிறதா, தாய்மார்களே? இனிக்கட்டும். வெற்றி விழாவுக்கென்று ஐம்பது கிலோ சொல்லி வைத்தோம். தோற்றுவிட்டோம் என்று பாலிடம் சொல்ல முடியுமா? அது கேட்குமா? நாளைக்குக் கெட்டுப்போகும். ஆகவே வென்றவன் வீட்டில் கூட இல்லாத இனிப்பு, தோற்ற நம் கூட்டத்தில்! சுவரொட்டியைப் பாருங்கள். அடியில் 'வெற்றி விழா', அதன் மேல் ஒட்டிய தாளில் 'விளக்கப் பொதுக்கூட்டம்'. தாள் மெல்லிசு, இரண்டுமே தெரிகிறது. சூடிக் கொடுத்தவளின் ஊரிலிருந்து ஆளுயர மாலை வாங்கி வந்தோம். கொடுக்க மாலை இருக்கிறது, சூடிக்கொள்ளக் கழுத்து இல்லை!

என்ன தேர்தல் இது? யார் போட்ட ஓட்டு? அதோ, விளக்குக் கம்பத்தடியில் நிற்கிற வேல்சாமி போன வாரம் என்னை மறித்தான். "ஏண்ணே, எலெக்‌ஷன் எலெக்‌ஷன்னுதியளே, எங்க தெருவுக்கு ஒருத்தரும் கும்பிடு போட வரலையே, எங்களுக்கு எப்பண்ணே ஓட்டு?" என்றான். வேல்சாமி, உனக்கு ஓட்டு இல்லை. நீ ஓட்டுப் போட்டு அனுப்பினாயே சட்டமன்ற உறுப்பினர், அவர் போடுவார். அவர் போட்டு அனுப்புகிறவர் டில்லிக்குப் போய் ஆறு வருடம் உனக்காகப் பேசுவார். பேசினாரா என்று நீ கேட்க முடியாது. ஏனென்றால் நீ அவருக்கு ஓட்டே போடவில்லை! சென்னையில் இருந்த மேலவையை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கலைத்துவிட்டார்கள். டில்லியில் ஒன்று மிச்சம். அதற்குத்தான் இத்தனை பாடு.

சரி, விளக்கத்துக்கு வருகிறேன். என் கையில் ஒரு தாள் இருக்கிறது. அண்ணன் பொன்னுராஜ் கொடுத்த தீர்மானம். 'விலைபோன துரோகி கண்ணுச்சாமியைக் கட்சியை விட்டு நீக்குகிறோம்.' இதை நான் வாசித்து முன்மொழிய வேண்டும். நீங்கள் கை தட்ட வேண்டும். அவர் பெயர் இன்றோடு அழிய வேண்டும். அதற்குத்தான் இந்த மைக்.

யார் இந்தக் கண்ணுச்சாமி? கூமாப்பட்டி சம்சாரி, ஏர் பிடிக்கிறவர். நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். நீங்களும் நானும் வெயிலில் நின்று ஓட்டுப் போட்டு அனுப்பியவர். மேடையில் இன்று அவருக்கு நாற்காலி இல்லை. அதோ, சைக்கிள் நிறுத்தியிருக்கும் ஓரத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவர் கூசுவார். சரி, பார்த்துவிட்டீர்கள்.

அவர் செய்த துரோகத்தைக் கேளுங்கள். ஓட்டுக்கு மூன்று நாள் முன்பே நம் உறுப்பினர்கள் முப்பத்து நான்கு பேரையும் குற்றாலத்து பங்களா ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். வாசலில் காவல். அருவிக்குப் போனாலும் கூட ஒரு ஆள். எதற்கு? அடுத்தவன் விலை பேசிவிடக் கூடாதே! மக்கள் நம்பி அனுப்பியவர்களைக் கட்சி நம்பவில்லை. களவு போகிற கோழியைக் கூடை கவிழ்த்து மூடுவதுபோல மூடி வைத்தது. அங்கே பாடமும் நடந்தது. மாதிரிச் சீட்டைக் கொடுத்து, நம் வேட்பாளர் பெயருக்கு எதிரே 'ஒன்று' என்று எண் போடப் பழக்கினார்கள். ஆமாம் ஐயா, ஒன்று போட! மூன்று நாள்!

நம் கண்ணுச்சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. மளிகைச் சீட்டானாலும் சுழி, உரத்துக்கு மனுவானாலும் சுழி. தாள் என்று ஒன்றைக் கண்டால் முதலில் பிள்ளையார் சுழி, அப்புறம்தான் எழுத்து. குற்றாலத்தில் முப்பது மாதிரிச் சீட்டு எழுதினார், முப்பதிலும் சுழி. பாடம் நடத்தியவர் பார்த்தாரா? "ஒன்னு நல்லா விழுந்துருக்கு அண்ணாச்சி" என்று முதுகில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சென்னையில் ஓட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சீட்டில் ஒன்று இருக்கிறது, அழகாக. அதன் தலைமேல் பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு, பக்தியாக! எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் சீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டம். "செல்லாது" என்று தள்ளினார் அதிகாரி.

ரகசிய ஓட்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நம் முகவர் வெளியே வந்து வராந்தாவில், "எவனோ ஒருத்தன் சுழி போட்டுக் கெடுத்துட்டான்" என்று கத்தினார். கண்ணுச்சாமி எழுந்தார். "ஏய்யா, அது நாந்தான். செத்த நேரம் அவியகிட்டச் சொல்லி, சுழிய மட்டும் அழிச்சிக்கிட்டு ஒன்ன எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கணக்குப் பார்த்தேன். ஜெயிக்க வேண்டியது முப்பத்து நான்கு. நம்மிடம் இருந்தது முப்பத்து நான்கு. எண்ணியபோது சுப்புராஜ் அண்ணனுக்கு விழுந்தது முப்பத்தொன்று. செல்லாதது ஒன்று. ஆக முப்பத்திரண்டு. தாய்மார்களே, வீட்டில் முட்டை எண்ணுகிறவர்கள் நீங்கள், சொல்லுங்கள். மீதி இரண்டு எங்கே? கண்ணுச்சாமியின் சுழியை அழித்திருந்தாலும் தோற்றிருப்போமே! அந்த இரண்டு ஓட்டு எந்தக் கூடைக்குப் போனது? எந்தக் கோழி மேய்ந்த வீட்டில் இடாமல் அடுத்த வீட்டில் முட்டையிட்டது?

பெயர் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மேடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. சந்தனம் காயவில்லை. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அதன் கண்ணாடியிலும் ஒரு பிள்ளையார் சுழி இருக்கிறது! ஓட்டில் போட்டால் செல்லாத சுழி, காரில் போட்டால் செல்கிறது! தண்ணீர் குடியுங்கள், தவசிமுத்து அவர்களே. நான் காரைச் சொன்னேன். உங்களுக்கு ஏன் இருமல்?

கொஞ்சம் சத்தத்தை நிறுத்துங்கள், இதைக் கேளுங்கள். கூமாப்பட்டியில் கண்ணுச்சாமியின் மனைவி சுந்தரம்மாளை நேற்றுப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலி எங்கே அம்மா என்றேன். "கழத்தி வச்சிட்டேண்ணே. கடைக்குப் போனா, 'புதுசா? எம்புட்டு?'ன்னு கேக்காளுவ" என்றார். இருபது வருடத்துச் சங்கிலி ஐயா! சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

எண்ணிப் பாருங்கள் என் மக்களே! விலைபோன ஓட்டு இரண்டும் சுத்தமாக இருந்தது, மடிப்புக் கலையாமல் இருந்தது, சட்டப்படி இருந்தது, செல்லும் என்றார்கள். விலைபோகாத ஓட்டு ஒன்று, சாமியைக் கும்பிட்டுப் போட்ட ஓட்டு ஒன்று, செல்லாது என்றார்கள்! சரி, சட்டம் சொன்னது, தலை வணங்குகிறேன். ஆனால் செல்லாத ஓட்டுப் போட்டவனையே செல்லாதவன் என்று சொல்ல எந்தச் சட்டம் இருக்கிறது? மேடைப் பெரியவர்களே, யார் உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது?

அண்ணன் பொன்னுராஜ் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். நேரமாகிவிட்டதாம். இதோ முடிக்கிறேன் அண்ணே. தீர்மானத்தை வாசிக்க வேண்டும், அவ்வளவுதானே? உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். பிடியுங்கள் மைக்கை.

போட்டுவிட்டேன். எல்லோரும் பாருங்கள், கையை உயர்த்திப் பிடிக்கிறேன். தீர்மானத்தின் தலையில் பிள்ளையார் சுழி, கீழே இரண்டு கோடு. சுழி விழுந்த தாள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தாருங்கள் அண்ணே, உங்கள் தீர்மானம். இதுவும் செல்லாது!

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளையை உறங்கவைத்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும், கரண்டைக் காப்பாற்றிய மைக் செட்டுக்காரருக்கும் நன்றி. நாளைக்கு நான் இந்தக் கட்சியில் இருப்பேனோ என்னவோ, மில்லில் இருப்பேன். நான் கீழே இறங்குகிறேன், இந்த மேடையில் என் நாற்காலி காலியாகிறது. கண்ணுச்சாமி அண்ணே, சைக்கிளை விட்டு இப்படி ஏறி வாங்க, வந்து உட்காருங்க. வேல்சாமி, அந்த ஆளுயர மாலையை எடுத்து வா. அதற்கு ஒரு கழுத்து கிடைத்துவிட்டது. வணக்கம்!